மியால் அ வுவாகில்யா சுற்று நடை: அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாமிரபரணிக்கரை | செப்டம்பர் 21, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். எடின்பரோவில் இருக்கிறேன். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள், நவம்பர் முதல் வாரம் திரும்பிவிடுவார்கள். அக்டோபர் பள்ளி விடுமுறையில் ஏவிமோரில் நாலு நாள் தங்கப் போகிறோம். இதுவரை அவர்கள் பார்த்த ஸ்காட்லாந்து முழுக்க கார் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். ஒரு மலையிலாவது கால் வைத்து ஏற வேண்டும், மேலே நின்று ஒரு லோக்கை, அதாவது இங்கத்து ஏரியை, முழுசாகப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை.

தேடியதில் கிளென்மோரிலிருந்து ஏறும் மியால் அ வுவாகில்யா என்ற மலை கண்ணில் பட்டது. கீழே லோக் மோர்லிக், எதிரே கெயர்ன்கார்ம் மலைகள். போன வழியே திரும்பாமல் சுற்றி வரலாம் என்பதும் பிடித்திருக்கிறது. பார்த்த இடத்திலெல்லாம் "மிதமானது" என்று போட்டிருக்கிறார்கள். யாருக்கு மிதமானது என்பதுதான் என் கேள்வி.

அம்மாவுக்கு 61. வருஷம் தவறாமல் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர். அப்பாவுக்கு 66. தினமும் காலையில் நாலு கிலோமீட்டர் நடப்பார், ஆனால் வலது முழங்காலில் தேய்மானம். படி இறங்கும்போது வலிக்கும். பையனுக்கு 9 வயது. நானும் கணவரும் ஆர்தர்ஸ் சீட், பென்ட்லண்ட் மலைகள் என்று சின்னதாக ஏறியிருக்கிறோம், அவ்வளவுதான். போனவர்கள் சொல்லுங்கள்.

பனிக்கூடாரம் | செப்டம்பர் 21, இரவு 10.40

வணக்கம். இன்வர்னெஸ்ஸில் இருக்கிறேன். இந்த மலைக்கு எல்லாப் பருவத்திலும் போயிருக்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த மலை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உச்சி 810 மீட்டர். கிளென்மோர் ஏற்கெனவே 340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, நீங்கள் ஏற வேண்டியது 480 மீட்டர் சொச்சம். சுற்று மொத்தம் 9 கிலோமீட்டர்.

கிளென்மோரில் பார்வையாளர் மையத்துக்கு எதிரே காரை விட்டுவிட்டு கிழக்கே நடக்கத் தொடங்குங்கள். கிளென்மோர் லாட்ஜைத் தாண்டியதும் தார் முடிந்து அகலமான மண் பாதை வரும். இரண்டு பக்கமும் பழைய ஸ்காட்ஸ் பைன் மரங்கள். வரிசையாக நட்டு வளர்த்த தோப்பு அல்ல, தானாக வளர்ந்த காடு. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு விதமாகக் கோணிக்கொண்டு நிற்கும். மூன்று கிலோமீட்டருக்குள் வலப்பக்கம் கீழே ஆன் லோகன் வானியா, அதாவது பச்சைக் குளம். அதுவரை யார் வேண்டுமானாலும் நடக்கலாம். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கூட வருகிறார்கள்.

அங்கிருந்து இன்னும் ஒரு கிலோமீட்டரில் பாதை இரண்டாகப் பிரியும். வலது கை நெதி ஆற்றுப் பக்கம் போகும். இடது கையைப் பிடித்தால் கொஞ்ச தூரத்தில் ரைவோன் பாத்தி. கல்லால் கட்டிய ஒற்றை அறை வீடு, பூட்டே கிடையாது. மலையேறுகிறவர்கள் ஒதுங்குவதற்காக விட்டு வைத்திருக்கிறார்கள்.

பாத்தி வாசலிலிருந்து இடது பக்கம் மலை ஏறுகிறது. நிஜமான ஏற்றம் இதுதான். ஒன்றரை கிலோமீட்டர் சொச்சத்தில் 400 மீட்டர் உயரம். பாதை தெளிவாக இருக்கும், நிறைய இடத்தில் கல் பதித்துப் படி கட்டியிருக்கிறார்கள். கையை ஊன்றி ஏற வேண்டிய இடமோ, ஓரமாக விழுந்துவிடும் பள்ளமோ கிடையாது. "மிதமானது" என்று போடுவது அதனால்தான்.

உச்சியில் பெரிய கற்குவியல், அதோடு சேர்த்து வளைவாகக் கட்டிய ஒரு காற்றுத் தடுப்புச் சுவர். அங்கிருந்து மேற்கே இறங்கினால் அடுத்த மலையான க்ரேகன் கார்மும் இதுவும் சேரும் இடுக்கு வரும். அந்த இடுக்கில் இடது பக்கம் திரும்பி நேராகத் தெற்கே இறங்கினால் காட்டுக்குள் நுழைந்து கிளென்மோர்.

உங்கள் அம்மா தாராளமாக ஏறுவார். அப்பாவைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். ஏற்றம் அவரை ஒன்றும் செய்யாது, இறக்கம்தான் பிரச்சினை.

வடலி | செப்டம்பர் 22, காலை 7.05

வணக்கம் தங்கச்சி. நான் அபர்டீனில் கனகாலமாக இருக்கிறேன். பிள்ளைகள் சின்னதாக இருக்கேக்கை முதன்முதல் கூட்டிக்கொண்டு போன மலை இதுதான். பயப்பிடாமல் வெளிக்கிடுங்கோ.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் 'பு' எழுத்தோடு 'ஹ' சேர்ந்தால் 'வ' என்ற ஒலி வரும், அதுதான் 'வுவாகில்யா'. மாடு மேய்க்கிறவன், இடையன் என்று பொருள். 'மியால்' என்றால் உருண்டையான குன்று. இடையன் குன்று என்று வைத்துக்கொள்ளுங்கோ. 'லோக்' என்பதையும் கடைசியில் அழுத்தி முடிக்காதேங்கோ. 'அஃது' என்று சொல்லும்போது தொண்டையில் லேசாக உரசுமே, அந்த ஒலிதான். ஆங்கிலேயர் படாத பாடு படுகிற ஒலி எங்களுக்குச் சும்மா வரும்.

பச்சைக் குளத்தில் அவசரப்படாமல் நில்லுங்கோ. அந்த நிறத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தேவதைகள் தங்கட பச்சை உடுப்பைத் தோய்த்ததால் தண்ணி அப்படி ஆனது என்று இந்த ஊர்ச் சனம் சொல்லும். தண்ணி அவ்வளவு தெளிவு, அடியில் விழுந்து கிடக்கிற பைன் மரங்கள் கிளையோடு தெரியும்.

குளமும் பாத்தியும் இருக்கிற கணவாய்க்குள்ளால் போகிற வழிக்கு 'கள்ளர் பாதை' என்று கேலிக்கில் பழைய பெயர் இருக்கு. ஒரு காலத்தில் மாடு திருடினவர்கள் ஓட்டிக்கொண்டு போன வழி. மேலே இடையன் குன்று, கீழே மாட்டுக் கள்ளர் பாதை. மகனுக்கு நடக்கும்போது சொல்ல நல்ல கதை.

நிலவரைபடம் | செப்டம்பர் 22, பகல் 1.30

பனிக்கூடாரம் சொன்ன திசையில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் எப்போதும் எதிர்த் திசையில்தான் போவேன்: முதலில் காட்டு வழியாக இடுக்குக்கு ஏறி, கிழக்கே திரும்பி உச்சி, பிறகு பாத்தி, குளம், கிளென்மோர்.

காரணம் காற்று. இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். என் திசையில் போனால் இடுக்கிலிருந்து உச்சிக்குப் போகும்போது காற்று முதுகில் இருக்கும். அவர் திசையில் போனால் உச்சியைவிட்டு இறங்கும் முதல் கிலோமீட்டர் முழுக்க முகத்தில் வாங்க வேண்டும். அக்டோபரில், மழையோடு சேர்ந்தால், அது சின்ன விஷயம் இல்லை. தவிர, களைத்துப் போன கால்களுக்குக் கடைசி நாலு கிலோமீட்டர் சமதரைப் பாதை.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். நைஸ்மித் விதி என்று ஒன்று உண்டு, 1892இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இந்தச் சுற்றுக்கு நடைக்கு 1 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு 48 நிமிடம், மொத்தம் 2 மணி 36 நிமிடம். இது நிற்காமல் நடக்கும் திடகாத்திரமான ஆளுக்கு. குடும்பத்தோடு போகும்போது ஒன்றரை மடங்கு, கிட்டத்தட்ட நாலு மணி நேரம். சாப்பாடு, படம் எடுப்பது, குளத்தில் நிற்பது எல்லாம் சேர்த்து ஐந்தரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் நடுவில் சூரியன் ஆறு மணி சுமாருக்கு மறையும். பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

தாமிரபரணிக்கரை | செப்டம்பர் 22, இரவு 8.50

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. வடலி அண்ணா, கள்ளர் பாதையைப் பையனிடம் இப்போதே சொல்லிவிட்டேன், வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேடுகிறான்.

திசை விஷயம் வீட்டிலும் பேச்சானது. பனிக்கூடாரம் சொல்வது இடமாகச் சுற்றுவது, நிலவரைபடம் சொல்வது வலமாகச் சுற்றுவது, இல்லையா? அம்மா திருவண்ணாமலையில் கிரிவலம் போனவர். மலையை வலமாகத்தான் வர வேண்டும், இடமாகச் சுற்றக்கூடாது என்கிறார். அவருக்கு இது முக்கியம், நானும் அதைத் தள்ளிவிட விரும்பவில்லை. ஆனால் அப்பாவின் முழங்காலுக்கு எது நல்லது?

சுக்குக்காப்பி | செப்டம்பர் 22, இரவு 11.15

நான் பிசியோதெரபிஸ்ட், டண்டீயில் வேலை. முழங்கால் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் மூட்டில் அழுத்தம் அதிகம். தேய்மானம் உள்ளவர்களுக்கு மிக மோசமானது உயரமான கல் படியில் இறங்குவது. மண் சரிவில் என்றால் அடியைச் சின்னதாக வைத்துக் குறுக்கே வளைந்து வளைந்து இறங்கலாம். கல் படி அந்த வசதியைத் தராது, அது வைத்த உயரத்துக்கு நாம் இறங்கியாக வேண்டும். வலமாகச் சுற்றினால் உங்கள் அப்பா உச்சியிலிருந்து பாத்திவரை 400 மீட்டர் உயரத்தை அப்படி இறங்க வேண்டியிருக்கும். நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

இடமாகச் சுற்றினாலும் இறக்கம் இருக்கத்தான் செய்கிறது. இரண்டு கைக்கும் ஊன்றுகோல் கட்டாயம். இறங்கும்போது கோலைக் கொஞ்சம் நீளமாக்கி, காலுக்கு முன்னால் ஊன்றி, எடையைக் கைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். வருவதற்கு முன் வீட்டு மாடிப்படியில் பத்து நாள் பழகட்டும். ஆனால் இப்போதே வீட்டுப் படியிலேயே வலிக்கிறது என்றால், என் யோசனை, அவர் உச்சிக்கு ஏறாமல் இருப்பது நல்லது.

பனிக்கூடாரம் | செப்டம்பர் 23, காலை 6.50

காற்றைப் பற்றி நிலவரைபடம் சொன்னது சரிதான். ஆனாலும் நான் இடமாகப் போகச் சொல்வதற்குக் காரணம் பாத்தி.

நாலு கிலோமீட்டர் சமதரையில் நடந்து பாத்திக்கு வந்து சேரும்போது உங்களுக்கு நிறைய விஷயம் தெரிந்துவிடும். யாருக்குக் கால் வலிக்கிறது, பையன் உற்சாகமாக இருக்கிறானா, செருப்பு கடிக்கிறதா, மேலே மேகம் இறங்கியிருக்கிறதா, காற்று எப்படி. நாலு சுவருக்குள் உட்கார்ந்து, சாப்பிட்டு, பேசி முடிவெடுக்கலாம். ஏறுவதா, திரும்புவதா, பாதிப் பேர் ஏறுவதா. எந்த முடிவெடுத்தாலும் நாள் வீணாகாது. குளத்தையும் காட்டையும் பார்த்தாயிற்று, திரும்பும் வழி பத்திரமானது.

வலமாகப் போனால் முதல் ஒரு மணி நேரத்திலேயே ஏற்றம். பிரச்சினை தெரிய வரும்போது நீங்கள் 600 மீட்டருக்கு மேலே, மொட்டை மலையில், காற்றில் நிற்பீர்கள். முன்னால் போனாலும் இறக்கம், பின்னால் போனாலும் இறக்கம். வயதானவர்களையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு, யோசித்து முடிவெடுக்க ஓர் இடம் இருக்கிற பாதைதான் நல்ல பாதை. காற்று முதுகிலா முகத்திலா என்பது அதற்கு அப்புறம்தான்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கிரிவலத்தில் மலை நடுவில் நிற்கும், நாம் அடிவாரத்தைச் சுற்றுகிறோம். இங்கே நாம் மலையைச் சுற்றவில்லை, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறோம்.

நிலவரைபடம் | செப்டம்பர் 23, காலை 9.20

முழங்கால் இருப்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இவர்களுக்கு இடமாகப் போவதே சரி. தனியாகப் போகிறவர்களுக்கு என் கருத்து மாறாது.

முட்டம் | செப்டம்பர் 23, மாலை 5.44

கிளாஸ்கோவில் படிக்கிறேன். போன நவம்பரில் இந்த மலையில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

கைபேசியில் ஒரு வானிலைச் செயலியில் ஏவிமோருக்கு வெயில் என்று பார்த்துவிட்டு நானும் ஒரு நண்பனும் போனோம். பன்னிரண்டரைக்குத்தான் கிளென்மோரில் கிளம்பினோம். பாத்திவரை வெயில்தான். முக்கால் மலை ஏறியதும் மேகம் இறங்கியது. உச்சிச் சுவரை ஒட்டி நின்றால் எதிரே நிற்கும் நண்பன் மங்கலாகத் தெரிந்தான், அவ்வளவுதான். லோக் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

மேற்கே இறங்கினோம். இடுக்கில் இடது பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியும், ஆனால் இடுக்கு வந்ததே தெரியவில்லை. பாதை மறுபடி மேலே ஏற ஆரம்பித்தது. ஏதோ சின்ன மேடு என்று நினைத்துக் கால் மணி நேரம் ஏறினோம். அது க்ரேகன் கார்ம். கைபேசியை எடுத்தால் 30 சதவீதம் இருந்த சார்ஜ் குளிரில் அப்படியே அணைந்துவிட்டது. நண்பன் கைபேசியும் கிட்டத்தட்ட அதே நிலை. மூன்றரை மணிக்கே இருட்ட ஆரம்பித்தது. தலைவிளக்கு இல்லை.

வந்த வழியே தவறாமல் திரும்பி இறங்கியதால் இடுக்கு கிடைத்தது. காட்டுக்குள் தடவித் தடவி இறங்கி ஆறு மணிக்கு ரோட்டுக்கு வந்தோம். அடி எதுவும் படவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நண்பன் பேசுவதை நிறுத்திவிட்டான், உதடு நடுங்கிக்கொண்டே இருந்தது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

பனிக்கூடாரம் | செப்டம்பர் 23, இரவு 8.05

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. தவறு என்று தெரிந்ததும் குறுக்கு வழி தேடாமல் வந்த வழியே திரும்பினீர்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது.

எல்லோருக்குமாகச் சில விஷயம். ஊருக்கான வானிலை மலைக்குப் பொருந்தாது. 480 மீட்டர் ஏறினால் வெப்பம் மூன்று டிகிரியாவது குறையும், அதைவிட முக்கியம் காற்று. மலைகளுக்கென்றே தனியாக வானிலை சொல்லும் சேவை இங்கே இருக்கிறது. உச்சியில் காற்று எவ்வளவு, அது நடையைத் தடுமாற வைக்குமா, மேகமில்லாத உச்சிக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று பகுதி பகுதியாகப் போடுவார்கள். முந்தின நாள் இரவு அதைப் பாருங்கள்.

காகித வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள், ஆர்டனன்ஸ் சர்வே லேண்ட்ரேஞ்சர் 36ஆம் தாளில் இந்த மலை வரும். கைபேசியை உள்பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். ஆளுக்கொரு தலைவிளக்கு, பகலில் போனாலும். ஆபத்தென்றால் 999 அழைத்து முதலில் போலீஸ் கேளுங்கள், அவர்களிடம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள், காசு கேட்க மாட்டார்கள். சமிக்ஞை எடுக்கவில்லை என்றால் விசில்: நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு.

தாமிரபரணிக்கரை | செப்டம்பர் 24, இரவு 9.30

முட்டம் தம்பி, படிக்கும்போதே மனசு பதறியது. நல்லபடியாக வந்தீர்களே.

இன்னும் இரண்டு கேள்வி. அம்மா சேலை மட்டும்தான் கட்டுவார். மலைக்கும் அதுவே போதும் என்கிறார். அப்புறம், பாத்தியில் உட்கார்ந்து சாப்பிடலாமா? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

சுக்குக்காப்பி | செப்டம்பர் 25, காலை 7.30

சேலை வேண்டாம் அக்கா. நடை சிக்குவதைவிடப் பெரிய பிரச்சினை பருத்தி. ஒருமுறை நனைந்தால் அங்கே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். என் அம்மாவும் இதே பேச்சுத்தான். கடைசியில் கம்பளி உள்ளாடை, அதன்மேல் பாலியெஸ்டர் சுடிதார், அதற்கும் மேல் மழைக் கால்சட்டையும் ஜாக்கெட்டும் என்று ஒத்துக்கொண்டார். மங்கி கேப் ஊரிலிருந்து கொண்டுவந்திருப்பார்கள், அதைவிட நல்ல தொப்பி இங்கே கிடையாது. கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ் வாங்கி, வீட்டுக்குள்ளேயே ஒரு வாரம் போட்டு நடக்கச் சொல்லுங்கள்.

வடலி | செப்டம்பர் 25, காலை 8.10

பாத்திக்கு அனுமதி ஒன்றும் வேண்டாம். 1965இல் தொடங்கின மலைப் பாத்திகள் சங்கம் பராமரிக்கிறது, எல்லாம் தொண்டர்கள் செய்கிற வேலை. தண்ணி இல்லை, கரண்ட் இல்லை, மலசலகூடம் இல்லை. மண்வெட்டி மட்டும் வைத்திருப்பார்கள். வெகுதூரம் தள்ளிப்போய்க் குழி வெட்டி மூட வேண்டும். பெரியவர்களோடு போறபடியால் இதை முன்கூட்டியே சொல்லுகிறேன், கிளென்மோரிலேயே போய்விட்டு வெளிக்கிடுங்கோ. கொண்டுபோகிற குப்பை ஒரு துண்டும் அங்கே விடாதேங்கோ. பிளாஸ்கில் தேத்தண்ணி, புளிச்சாதம், ரெண்டு வாழைப்பழம், இவ்வளவும் போதும். வாழைப்பழத் தோலும் திரும்பி வர வேணும்.

மலையில் நடக்கிறதுக்கும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்து முழுக்க எல்லோருக்கும் அந்த உரிமையைக் கொடுத்திருக்கு, பொறுப்பாக நடக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு. இங்கிலாந்தில் இவ்வளவு இல்லை. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது.

நிலவரைபடம் | செப்டம்பர் 25, பகல் 12.15

பையனுக்காக ஒன்று. கிளென்மோரில் பனிமான் மையம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் எப்போதோ அற்றுப்போன பனிமானை 1952இல் ஸ்வீடனிலிருந்து மிக்கெல் உட்சி என்பவர், வட ஐரோப்பாவில் பனிமான் மேய்க்கும் சாமி என்ற இனத்தைச் சேர்ந்தவர், மறுபடி கொண்டுவந்தார். அந்த மந்தையின் வாரிசுகள் இன்றும் கெயர்ன்கார்ம் சரிவில் மேய்கின்றன. அதை நடைக்கு மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் திணிக்க வேண்டாம். குளத்துக்குப் போகும் வழியில் பைன் மரங்களில் கொண்டை வைத்த சின்னக் குருவி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் அது ஹைலண்ட்ஸ் பைன் காடுகளை விட்டு வெளியே வருவதில்லை. மீன் பிடித்துத் தின்னும் பெரிய பறவையான விராலடிப்பானைக் கேட்டால், பக்கத்து லோக் கார்ட்டன் அதற்குப் பேர்போன இடம், ஆனால் அக்டோபரில் எல்லாம் ஆப்பிரிக்கா போயிருக்கும்.

தாமிரபரணிக்கரை | அக்டோபர் 17, இரவு 10.05

போய் வந்துவிட்டோம். உங்கள் எல்லோரிடமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் இரண்டு நாளும் மழை. மலை வானிலையில் மூன்றாம் நாளுக்கு மேகமில்லாத உச்சிக்கு 60 சதவீதம் என்று போட்டிருந்தது, அதற்காகக் காத்திருந்தோம். காலை 9.40க்குக் கிளென்மோரில் நடக்கத் தொடங்கினோம். இடமாகச் சுற்றும் வழிதான். மலையைச் சுற்றவில்லை, ஏறி இறங்குகிறோம் என்று சொன்னதை அம்மா ஒரு நிமிடம் யோசித்து ஒத்துக்கொண்டார். ஆனாலும் கிளம்பும்போது நின்ற இடத்திலேயே ஒரு தடவை வலமாகச் சுற்றிவிட்டுத்தான் நடந்தார்.

குளத்தில் அரை மணி நேரம் இருந்தோம். வடலி அண்ணா சொன்ன மரங்களைப் பார்த்தோம். வெயில் பட்டபோது தண்ணீர் பாசிப்பயறு நிறத்துக்கு வந்தது, மேகம் மூடினால் கரும்பச்சை. தண்ணீருக்குள் ஒரு மரம் வேரோடு கிடந்தது. பட்டை முழுக்க உரிந்து, கிளைகள் வெள்ளையாக, பெரிய மீனின் முள் மாதிரி. அப்பா கரைக்கல்லில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மனசில்லாமல் இருந்தார்.

பாத்திக்கு 11.30. புளியோதரையைப் பிரித்தோம். உள்ளே இரண்டு பெண்கள் ஈரக் காலுறையைக் காயப் போட்டிருந்தார்கள், அம்மா அவர்களுக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தார். அங்கேதான் முடிவெடுத்தோம். அப்பா கோல் பிடித்துப் பத்து நாள் பழகியிருந்தார், ஏறிவிடலாம் என்ற நினைப்போடுதான் வந்திருந்தார். வாசலில் நின்று படியை அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க, நான் அந்தக் குளத்துக்கே போறேன்" என்றார். கணவர் அவரோடு திரும்பினார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் பனிக்கூடாரம், நீங்கள் சொன்னது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவரை யாரும் தடுக்கவில்லை, அவரே நிதானமாக முடிவெடுக்க ஓர் இடம் இருந்தது.

அம்மா, நான், பையன் மூவரும் ஏறினோம். அம்மா ஒரே சீராக ஏறினார், நிற்கவே இல்லை. நான்தான் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். உச்சிக்கு 1.15. காற்று பயங்கரம், பேசினால் காதில் விழவில்லை. சுவரை ஒட்டிக் குந்திக்கொண்டோம். மேகம் பாதி மலையை மூடியிருந்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தெற்கே கிழிந்த மாதிரி திறந்தது. கீழே லோக் மோர்லிக் முழுசாக, கரையில் மஞ்சள் மணல் கோடு போட்ட மாதிரி, சுற்றிலும் கருநீலக் காடு, அதற்கும் மேலே கெயர்ன்கார்ம் பள்ளங்களில் புதுப்பனி. அம்மா கையுறையைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். படம் எடுக்கக் கைபேசியை வெளியே எடுத்தேன், அப்புறம் உள்ளேயே வைத்துவிட்டேன்.

இறக்கத்தில் காற்று முகத்தில்தான். நிலவரைபடம் சொன்னது அப்படியே. இடுக்கில் திரும்பும் இடத்தைப் பையன்தான் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினான். முட்டம் தம்பியின் கதையை அவனுக்குச் சொல்லியிருந்தேன். காட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு துண்டுப் பாதை சேறு, கணுக்கால்வரை இறங்கியது. ரோட்டுக்கு வரும்போது மணி 3.50. அப்பா கஃபேயில் எங்களுக்குத் தேநீர் சொல்லி வைத்திருந்தார்.

அம்மா இறங்கும்போது ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. கீழே இவ்வளவு காடு இருக்கிறதே, மேலே ஏன் மலையெல்லாம் மொட்டையாக இருக்கிறது?

பனிக்கூடாரம் | அக்டோபர் 18, காலை 7.15

படித்து ரொம்ப சந்தோஷம். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அம்மா நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். குளிரும் காற்றும் ஒரு காரணம்தான். ஆனால் மரம் தானாக நிற்க வேண்டிய எல்லை இப்போது நாம் பார்ப்பதைவிட மேலே. இங்கிருந்து தூரம் இல்லாத க்ரேக் ஃபியக்லக் என்ற இடத்தில் பைன்கள் 640, 650 மீட்டர்வரை இயற்கையாக ஏறியிருக்கின்றன, குட்டையாகக் காற்றில் வளைந்து. மற்ற இடங்களில் நூற்றாண்டுக் கணக்காக மரம் வெட்டினார்கள், ஆடு மேய்த்தார்கள், ஹெதர் புதரைக் கொளுத்தினார்கள். வேட்டைக்காக மான்களைப் பெருகவும் விட்டார்கள். முளைத்த கன்று முழங்கால் உயரம் வருவதற்குள் மான் கடித்துவிடும். இப்போது கெயர்ன்கார்மில் பல இடங்களில் மான் எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார்கள், வேலி போடாமலேயே கன்றுகள் எழும்புகின்றன. நீங்கள் இறங்கிய வழியில், காட்டின் மேல் ஓரத்தில், ஹெதருக்குள் தனித்தனியாகச் சின்னப் பைன்கள் நின்றிருக்குமே?

தாமிரபரணிக்கரை | அக்டோபர் 18, இரவு 8.20

ஆமாம், பார்த்தோம். சேறு வந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே. பையன் ஒன்றின் பக்கத்தில் நின்று உயரம் பார்த்தான், அவன் இடுப்புவரைக்கும் இருந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அவை நிற்கும் இடம் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், அதுவரைக்கும் மட்டும் ஏறி அதே வழியே இறங்கலாமா என்று கேட்கிறார். சுக்குக்காப்பி, அந்தப் பக்கத்து ஏற்றம் அவருக்குச் சரிவருமா?

சுக்குக்காப்பி | அக்டோபர் 18, இரவு 10.00

அந்தப் பாதை எப்படி என்று பனிக்கூடாரம்தான் சொல்ல வேண்டும். உயரம் 200 மீட்டருக்குள், நடுவில் கல் படி அதிகம் இல்லை என்றால், இரண்டு கோலோடு, மெதுவாக, சரி. கிளம்பும் முன் மூன்று நாள் முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள்.